பதினோராவது ரீல்

அரை மணி நேரம் சேர்ந்தாற்போல ஒரு நாற்காலியில் உட்காரத் தெரியாதவன் நான். கல்யாணப் பந்தியில்கூட ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு, இருட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படம் பார்த்து எழுதுவதே பிழைப்பாக வாய்த்தது. விதி என்று சொல்லமாட்டேன், வேறு வேலை கிடைக்கவில்லை.

போன வாரம் எங்கள் பழைய பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். படப் பக்கத்தை இப்போது அவள்தான் பார்க்கிறாளாம். முன்பு பொம்மைப் படமாக வந்து ஊர் உலகமெல்லாம் பார்த்த ஒரு தேவதைக் கதையை, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மனிதர்களை நடிக்க வைத்து மறுபடி எடுத்திருக்கிறது. பார்த்துவிட்டு வந்தவளுக்கு மனசு ஆறவில்லை. “பழசுல இருந்த உயிர் இதுல இல்லைன்னு எழுதலாமா சார்?” என்று கேட்டாள். படத்தை முழுக்கப் பார்த்தாயா என்று திருப்பிக் கேட்டேன். இதென்ன கேள்வி என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொல்லக் கூச்சமாக இருந்ததை இங்கே எழுதுகிறேன், அவள் படித்துக்கொள்ளட்டும்.

அப்பாவுக்குத் தங்கவயலில் சுரங்க வேலை. நான் குழிக்குள் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, பத்தாவது முடித்த கையோடு பெங்களூருக்கு ரயிலேறினேன். தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு தமிழ் நாளிதழ். அங்கே சில வருஷம் பிழை திருத்தினேன். படப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் மதராஸுக்கு மூட்டை கட்டியதும் அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள். பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

என்னைக் கட்டி மேய்த்தவர் பொன்னுரங்கம் சார், செய்தி ஆசிரியர். குடியாத்தத்துக்காரர், ஒல்லி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் போட்ட சட்டங்களை மீற எவனுக்கும் துணிச்சல் வராது. தியேட்டர்காரன் கொடுக்கும் பாஸை வாங்கக்கூடாது. வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தைப் படம் பார்ப்பதற்கு முன்னால் தொடக்கூடாது. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்துக் கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டே, வீட்டிலிருந்து விமர்சனம் எழுதிய மகானுபாவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். முதல் தடவை திரையைப் பார், இரண்டாம் தடவை ஜனங்களைப் பார் என்பார்.

எழுதிக் கொண்டுபோனால் தாளைக் கையில் வாங்கமாட்டார். “படிப்பா” என்று சொல்லிவிட்டு, அச்சுக் கோக்கும் அறைக்கு முன்னே நடப்பார். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருக்கும் ஆட்களின் நடுவில் என்னை நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்வார். ஒருத்தனாவது கையை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், “யார் கையும் நிக்கலையே, திரும்ப எழுது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எத்தனை நாள் அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன் என்பதற்கு அளவே இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ‘சந்தனச் சிமிழ்’ வண்ணத்தில் மறுபடி எடுக்கப்பட்டு வந்தது. பழைய கறுப்பு வெள்ளைச் சிமிழை யுத்த காலத்தில், பத்து வயதில், தங்கவயலில் ஏழு தடவை பார்த்தவன் நான். அதன் கதை இதுதான். ஒரு மந்திரவாதி இளவரசியின் குரலைப் பறித்துச் சந்தனச் சிமிழில் அடைத்துவிடுகிறான். ஊமையான அவள் சிமிழை மடியில் கட்டிக்கொண்டு, வேற்று நாட்டு அரண்மனையில் சமையல்காரியாக வேலைக்குச் சேர்கிறாள். சிமிழ் எதற்கும் திறப்பதில்லை. ஒரு மழை நாளில் விறகெல்லாம் நனைந்துகிடக்கிறது. பசியில் ஒரு வேலைக்காரியின் குழந்தை கத்துகிறது. காய்ந்த கட்டை என்று அவளிடம் இருப்பது அந்தச் சிமிழ் ஒன்றுதான். அதை எடுத்து அடுப்பில் வைத்துவிடுகிறாள். சந்தனப் புகையோடு குரல் வெளியே வருகிறது. அந்தக் காட்சிக்குத்தான் நான் ஏழு தடவை போனேன். அதை வேறு எவனாவது தொட்டு எடுத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியாதா?

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுப் படத்துக்கு ஊருக்கு ஒரு பிரதிதான் வரும். அதை சிட்டியில் ஒரு தியேட்டரும் தண்டில் ஒரு தியேட்டரும் பங்கு போட்டுக்கொள்ளும். சிட்டியில் முன்னதாக ஆட்டம் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் தண்டுக்குப் பறந்து வருவான். ரயில்வே கேட் மூடியிருந்தால் போச்சு. திரையில் ‘ரீல் வந்துகொண்டிருக்கிறது’ என்று ஸ்லைடு போட்டு விளக்கை ஏற்றிவிடுவார்கள். ஜனங்கள் வெளியே வந்து டீ குடிப்பார்கள். ரீல் வந்ததும் மணி அடிக்கும், எல்லோரும் உள்ளே ஓடுவோம். எனக்கு அந்த இடைவெளிகள் வரப்பிரசாதம்.

புதுச் சிமிழ் வெளியான அந்த வெள்ளிக்கிழமை பத்தாவது ரீல் முடிந்ததும் ஸ்லைடு விழுந்தது. தியேட்டருக்குப் பின்சந்தில் பாஷா பாயின் டீக்கடை. பம்ப் ஸ்டவ் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. புதுப் படம் எப்படி என்று பாய் கேட்டுவைத்தார். கேட்டிருக்கக்கூடாது. இதெல்லாம் ஒரு படமா, பழைய சிமிழைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஆரம்பித்து, மழை, நனைந்த விறகு, குழந்தை, அடுப்பு, புகை என்று ஒன்றுவிடாமல் கையை ஆட்டி நடித்தே காட்டினேன். மணி அடித்தது. கும்பலோடு கும்பலாக உள்ளே போனேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் இளவரசி ராஜசபையில் நின்று கணீரென்று பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது குரல் வந்தது? அடுப்பு எங்கே, சிமிழ் எங்கே? கதையின் உயிரையே வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பொன்னுரங்கம் சார் தம்பி மகள் கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தார். இரண்டாம் தடவை பார்க்கச் சொல்ல யாருமில்லை. பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். ‘சிமிழை எரிக்கத் தைரியமில்லாதவர்கள் கதையை எரித்திருக்கிறார்கள்’ என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வந்ததும், நாலு தடவை படித்து நானே ரசித்தேன்.

திங்கட்கிழமை காலை பொன்னுரங்கம் சார் வந்தார். பக்கத்தைப் படித்தார். ரெண்டாவது தடவை எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். நான் ஏதோ முனகினேன். அவர் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

அன்று மத்தியானம் என்னைத் தேடி ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, விரல் நுனிகளில் கார்பன் கறுப்பு. பெயர் ஆரோக்கியசாமி, ஊர் லிங்கராஜபுரம். தண்டுத் தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர்; விரல் கறுப்பு மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியால் வந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“சிமிழ் எரியிற சீன் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அது பதினோராவது ரீலு சார். நான் ஓட்டினேன்.”

நான் தியேட்டருக்குள்தான் இருந்தேன், அப்படி எதுவும் ஓடவில்லை என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்ல வரல. ரீலு ஓடுச்சின்னுதான் சொல்றேன்.”

விஷயம் மெதுவாகப் பிடிபட்டது. படத்தை வாங்கி வெளியிட்ட மதராஸ் கம்பெனியின் ஆள் என் விமர்சனத்தைப் படித்திருக்கிறான். காட்சி படத்தில் இருக்கிறது, தண்டில் ஓடவில்லை என்றால் ஆப்பரேட்டர் ஒரு ரீலை முழுங்கிவிட்டான் என்று அர்த்தம். சீக்கிரம் வீட்டுக்குப் போக அப்படிச் செய்யும் ஆப்பரேட்டர்கள் இருந்தார்கள் என்பதால் நம்புவதற்கும் கஷ்டமில்லை. கொட்டகை நிறைய ஜனம் பார்த்ததே, அவர்களைக் கேளுங்கள் என்று இவர் சொன்னதற்கு, தரை டிக்கெட்காரன் சொல்வதை மதராஸ் கம்பெனி கேட்குமா, பேப்பரில் வந்ததற்குப் பேப்பரிலேயே பதில் காட்டு என்று தியேட்டர் மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

“வியாழக்கிழமை காலை பேப்பர் வரைக்கும் டைம் குடுத்திருக்கார். ரெண்டு வரி வந்தா போதும். இல்லன்னா வேலை போயிடும். ரீல முழுங்கினவன்னு பேர் வந்துடுச்சின்னா அப்புறம் எந்தத் தியேட்டர்லயும் மெஷின் ரூம் படியேற விடமாட்டாங்க சார். எனக்கு வேற தொழில் தெரியாது.”

பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். நியாயவான் போலப் பேசிவிட்டேனே தவிர, அவர் படியிறங்கிப் போனதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தேன். பத்தாவது ரீல் முடிந்து ஸ்லைடு விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மணி அடித்தது. மழை பெய்தது, விறகு நனைந்தது, குழந்தை அழுதது. அந்தப் பெண் மடியிலிருந்து சிமிழை எடுத்தாள். பழைய படத்தில் அந்த இடத்தில் கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். இவள் எங்கேயும் பார்க்கவில்லை. கஞ்சிக்குத் தீ போதுமா என்று குனிந்து ஊதினாள். ஊதும்போதுதான் முதல் சத்தம் வந்தது. புகைக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள், அது ஒன்றுதான் அசட்டுத்தனம். மற்றபடி பழையதைவிட நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசந்தது.

பதினோராவது முடிந்ததும் மறுபடியும் ஸ்லைடு. மறுபடியும் விளக்கு. ஜனங்கள் மறுபடியும் வெளியே போனார்கள். எழுந்து பின்சந்துக்கு ஓடினேன்.

பாஷா பாய்க்கு எல்லாம் நினைவிருந்தது. “வெள்ளிக்கிழமை நடுவுல ஒருவாட்டி மணி அடிச்சி எல்லாரும் உள்ள போயிட்டாங்க சாப். நீங்க மட்டும் இங்க நின்னு கதை சொல்லிட்டிருந்தீங்க. ரெண்டாவது டீகூட வாங்கினீங்க. அப்பால எல்லாரும் திரும்பி வந்தாங்க, மறுபடி மணி அடிச்சது, அப்பத்தான் போனீங்க. கதை நல்லா இருந்துச்சி, நான் எதுக்குத் தடுக்கணும்?”

இரண்டு இடைவெளியை ஒன்று என்று நினைத்திருக்கிறேன். உள்ளே அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், சந்தில் நின்று அதே காட்சியை நடித்துக் காட்டியிருக்கிறேன். யாராவது வேறொருவனைப் பற்றி இதைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அப்போதே நேராக ஆபீஸுக்குப் போய் இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன் என்பதும் உண்மை. பேனா ஓடவில்லை. தண்டில் ஒரு படம் வந்தால், தியேட்டர்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குக் காத்திருக்கும் அளவுக்கு ஒரு பெயரை மூன்று வருஷமாக வளர்த்து வைத்திருந்தேன். டீக்கடையில் நின்று படம் பார்த்தவன் என்று இனி ஊர் சிரிக்கும். முதலில் ‘தொழில்நுட்பக் காரணங்களால் ஒரு காட்சியைக் காண இயலவில்லை’ என்று எழுதினேன். அது ஆப்பரேட்டர் தலையிலேயே இன்னொரு கல். கிழித்துப் போட்டேன். இரண்டாவதாக எழுதியதைப் பொன்னுரங்கம் சாரிடம் எடுத்துப் போய், நடந்ததையும் சொன்னேன். படி என்றார். ‘விமர்சகர் சிறிது நேரம் வெளியே செல்ல நேர்ந்ததால்’ என்று படித்தேன்.

“நேர்ந்ததால்னா என்னப்பா? பஸ்ஸா மோதிச்சு?” என்றார். “யாரு போனது, எதுக்குப் போனது? அதை எழுது.”

புதன்கிழமை காலை ஆபீஸுக்குப் போகாமல் அல்சூர் ஏரியை ஒட்டி நடந்தேன். கால் நிற்கவில்லை, தொம்மலூர் வரைக்கும் போய்விட்டேன். ஆரோக்கியசாமியின் கார்பன் விரல் கண்ணுக்கு முன்னால் நின்றது. கூடவே, ஊர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. சாயங்காலம் ஆபீஸில் பொன்னுரங்கம் சார், எழுதியாச்சா என்று கேட்டார். அப்போது நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. தப்பு வந்த பக்கத்திலேயே திருத்தம் வரவேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். படப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதானே சார் வருகிறது, அப்போதே போட்டுவிடலாமே என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தப்பை யாரும் ஒளிச்சு வைக்கக்கூடாதுன்னு போட்ட ரூலு அது. நீ அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கறே. எழுதிக் கொடு, எந்தப் பக்கம்னு நான் பாத்துக்கறேன்.”

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவரே இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாமே என்று பல வருஷம் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நீ எழுதியதை நீதான் திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கைக்கு ஒரு மனுஷனின் வேலையையா விலையாகக் கொடுப்பது? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோபம் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. மீதிப் பாதி என்மேல்.

வியாழக்கிழமை காலை பேப்பரில் எதுவும் இல்லை. அது இல்லாததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மத்தியானம் எழுதினேன். ‘சந்தனச் சிமிழ் படத்தில் சிமிழ் எரியும் காட்சி இல்லை என்று எழுதியிருந்தேன். அந்தக் காட்சி இருக்கிறது. தண்டுத் தியேட்டரில் முதல் நாளே அது ஓடியது. அப்போது நான் பின்சந்தில் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். படத்தை ஒரு தடவைதான் பார்த்தேன். காட்சி பழைய படத்தைவிட நன்றாக இருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.’ அச்சுக் கோக்கும் அறையில் நின்று படித்தேன். எல்லாக் கைகளும் நின்றன. ஒருவன் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான். வெள்ளிக்கிழமை இரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு வந்தது.

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினேன். மெஷின் ரூமில் வேறு ஆள். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று கன்னடத்தில் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் நேற்றுக் காலையே மதராஸ் கம்பெனி சொன்ன ஆளைப் போட்டாயிற்று, வந்த மறுநாளே அவனை எப்படி அனுப்புவது என்றார். ஒரு நாள் முன்னால் இது வந்திருக்கக்கூடாதா என்று என்னையே கேட்டார்.

லிங்கராஜபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. ஆரோக்கியசாமி தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சந்தாபுராவைத் தாண்டி ஒரு டூரிங் டாக்கீஸில் ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பார்க்கப் போகிறாராம். டென்ட் கொட்டகை, ஒரே மெஷின், மழை வந்தால் ஆட்டம் கிடையாது. அவர் மனைவி என்னை யார் என்று தெரிந்துகொண்டதும் உள்ளே போய்விட்டார். நான் பேப்பரை நீட்டினேன். ஆரோக்கியசாமி நின்றபடியே, உதடு அசைய, கடைசிவரை படித்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இதை நான் எங்கயும் காட்ட முடியாது.”

ஏன் என்று கேட்டேன்.

“இதுல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு. என்னை நிறுத்தினது வியாழக்கிழமை. பேப்பர்ல வந்தப்புறமும் உன்னை ஏன் திரும்பக் கூப்பிடலன்னு டாக்கீஸ்காரர் கேப்பார். நான் என்ன சொல்றது?” பெட்டியின் மேலிருந்த ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து நீட்டினார். “இதையே ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. என்னை நிறுத்தறதுக்கு முந்தின நாள், புதன்கிழமை தேதி போட்டு. மேல பழி இல்லாம, நானாத்தான் வேலையை விட்டு வந்தேன்னு சொல்லிக்கறேன்.”

தாளைப் பெட்டிமேல் வைத்து, குனிந்து, புதன்கிழமைத் தேதியைப் போட்டேன். டீயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.